அமாவாசைக்குத் தலையாட்டிய ராஜா

எங்கள் வீட்டில் நான் தொடக் கூடாத பொம்மை ஒன்று இருந்தது. மற்ற எல்லா ஆட்டப் பொம்மைகள் மேலும் எனக்குப் பைத்தியம் பிடிக்க அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

தஞ்சாவூர் ராஜா. சிவப்புச் சட்டை, பச்சைத் தலைப்பாகை, இரண்டு பக்கமும் ஏறி நிற்கும் மீசை. உடம்பு முட்டை மாதிரி. கால் கிடையாது, அடி உருண்டை. தள்ளினால் சாய்வார், விட்டால் நிமிர்வார். அப்பா அவரைத் தேர்த் திருவிழாக் கடையில் வாங்கி வந்தார். எனக்காக வாங்கவில்லை. எனக்கு முன்னால் ஓர் அண்ணன் பிறந்திருந்தான். உட்காரப் பழகும் முன்பே காய்ச்சலில் போய்விட்டான். ராஜா மட்டும் தங்கிவிட்டார்.

அவர் இருந்த இடத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் அது முக்கியம். எங்கள் முன் அறை முழுக்கத் தறிதான். வாசல் பக்கம் குழி, குழியில் கால் விட்டு அம்மா உட்கார்ந்து நெய்வாள். அவளுக்கு எதிரே பட்டுப் பாவு, அதாவது சேலையின் நீளவாட்டு இழைகள், அறையின் நீளத்துக்கும் விரிந்து போகும். அந்தக் கோடியில் ஒரு மரத்தூண். பாவின் நுனியில் கட்டிய கயிறு அந்தத் தூணைச் சுற்றித் திரும்பி வந்து, அம்மாவின் வலது கைப் பக்கத்தில் ஒரு முளையில் முடியும். எழுந்து போகாமலே அவள் பாவை இறுக்கலாம், தளர்த்தலாம். தூணின் தலையில் தொடங்கும் உத்திரம் தறிக்கு மேலாகவே ஓடி, அம்மாவின் தலையைத் தாண்டி வாசல் சுவரில் போய் உட்காரும். அதன் மேல் ஓடு. தூணில், ஆள் உயரத்தில் அறைந்த ஒரு பலகை. பலகை மேல் ராஜா.

சின்ன வயதில் நான் தறிக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு அவரையே பார்ப்பேன். இழையை நெருக்க அம்மா அச்சுப்பலகையை இழுத்து அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் அவர் மீசை லேசாகத் துடிக்கும். தொடாமல் பார்த்தே வளர்ந்ததாலோ என்னவோ, கையில் காசு வந்ததும் தொடக்கூடியவற்றை வாங்கிக் குவித்தேன். மூக்கு நுனியை மட்டும் விரலில் வைத்துக்கொண்டு உடம்பு முழுவதையும் காற்றில் மிதக்கவிடும் பறவை. ஒற்றைக் காலில் கம்பத்தின் மேல் நின்று, வளைந்த நீளக் கைகளின் நுனியில் இரண்டு குண்டுகளைத் தொங்கவிடும் மனிதன். தலையும் இடுப்பும் தனித்தனியாகக் கம்பியில் உட்கார்ந்து, மின்விசிறிக் காற்றுக்கே ஆடும் நாட்டியக்காரி. இயற்பியல் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த இந்த வருஷத்தில், போனில் இவற்றை விளக்கி வீடியோ போடுவதே என் முழுநேரத் தொழில் ஆகிவிட்டது.

விளக்கம் ரொம்பச் சின்னது. கனத்தையெல்லாம் கீழே வை, மேலே வெறும் காகிதம் வை. ராஜாவின் அடியில் களிமண், மேலே காகிதக் கூழ். சாய்த்தால் அந்தக் கனம் மேலே ஏறுகிறது. ஏறிய கனம் இறங்கத்தானே பார்க்கும்? இறங்குகிறது, ராஜா நிமிர்கிறார். பறவையின் கனம் அதன் இறக்கை நுனிகளில், மூக்குக்கும் கீழே இருக்கிறது. கம்பத்து மனிதனுக்கு அந்தக் குண்டுகள்.

முதலில் செய்தது யார் என்று யாருக்கும் தெரியாது. தஞ்சாவூரில் ஆற்று மண்ணை வைத்துச் செய்தார்கள், கோயில் திருவிழாக்களில் விற்றார்கள். சீனாவில் இதற்கு விழாத கிழவர் என்று பெயர். விருந்தில் நடுவில் வைத்துச் சுற்றிவிடுவார்களாம், கிழவர் யார் பக்கம் பார்த்து நிற்கிறாரோ அவர் குடித்தாக வேண்டும். ஜப்பானில் கண்ணே இல்லாமல் விற்கிறார்கள். வேண்டிக்கொண்டு ஒரு கண் வரைய வேண்டும், வேண்டியது நடந்தால் மற்றது. அதுவரைக்கும் அது ஒற்றைக் கண்ணோடு அலமாரியில் உட்கார்ந்து உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். ரஷ்யப் பொம்மைக்கு வயிற்றுக்குள் மணி. ஒன்றைக் கவனித்தீர்களா? எந்த ஊரிலும் இதற்கு முகம் வைக்க மறக்கவில்லை. வெறும் உருண்டையாக விட்டாலும் இதே போலத்தான் எழும். ஆனால் யாருக்கும் அப்படி விட மனம் வரவில்லை. தள்ளியதும் தானே எழுகிற பொருளைப் பார்த்தவுடன், உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்று நம் மனசு முடிவு பண்ணிவிடுகிறது. அந்த யாரோவுக்கு ஒரு முகம் தேவைப்படுகிறது.

இதையெல்லாம் வீடியோவில் நான் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன்.

போன வருஷம் ஐப்பசி மழை எங்கள் தெருவில் முழங்கால் அளவு நின்றது. தறிக்குழியில் ஊற்றெடுத்து அறை முழுக்கப் பரவ, நானும் அம்மாவும் பக்கெட்டில் மொண்டு ஊற்றினோம். தண்ணீர் வடிந்து, குழி காய்ந்து, அம்மா மறுபடியும் தறியில் இறங்கினாள். வீடு பழையபடி ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

சில மாதம் கழித்து ஓர் அமாவாசை மத்தியானம். எங்கள் ஊரில் அமாவாசைக்குத் தறி ஓடாது. இது தெரியாதவர்களுக்கு அந்த நாளை விளக்குவது கஷ்டம். பிறந்ததிலிருந்து காதுக்குள் தறிச் சத்தத்தோடு வளர்ந்தவர்கள் நாங்கள். தெரு முழுக்க அடிக்கிற அச்சு, பின் தெருவின் பவர்லூம் பட்டறைகள், எல்லாம் ஒரே நாளில் நின்றுபோகும். அன்றைக்குத்தான் காக்கை கத்துவது கேட்கும். நாலு வீடு தள்ளி யாரோ தட்டு கழுவுவது கேட்கும்.

பக்கத்து வீட்டு டீச்சர் அன்றைக்குக் கறிவேப்பிலை வாங்க வந்தார். சர்ச் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுப்பவர். அமாவாசை, ராகுகாலம் எதையும் பார்க்காதவர், அம்மாவை அதை வைத்துக் கிண்டல் செய்வதில் அவருக்கு ஒரு சந்தோஷம். வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"ஏங்க்கா, உங்க பொம்ம என்னப் பாத்துத் தலையாட்டுதுங்க்கா."

அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உங்கள இல்ல டீச்சர்" என்றாள்.

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் ராஜாவைப் பார்த்தேன். காற்றில்லை, தறியில்லை, யாரும் கிட்டே இல்லை. மெதுவாக, ஆமாம் ஆமாம் என்பதுபோல் ஆடி, ஆட்டம் குறைந்து, நின்றார்.

"பேயி பிசாசெல்லாம் நம்பறவ இல்லடி நானு" என்று டீச்சர் என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். "ஆனா கறிவேப்பில அப்பறமா வாங்கிக்கறன்."

"மிஸ், இந்தாங்க, பறிச்சாச்சு."

"வேணாம் வேணாம். கறிவேப்பில இல்லாமலும் சாம்பார் கொதிக்கும்." போய்விட்டார்.

நான் அம்மாவிடம் போய் நின்றேன். அவள் தறிக்கு முன் தரையில் ஓர் இலை போட்டிருந்தாள். சோறு, வடை, கொஞ்சம் பாயசம். அமாவாசைக்குப் படையல் போடுவது புதிதில்லை. ஆனால் இது பெரியவர்களுக்குப் போடும் இலை இல்லை. வாழை இலையின் நுனியைக் கிள்ளிப் போட்ட, உள்ளங்கை அகலத் துண்டு. குழந்தைக்குப் போடுவது.

"எத்தினி நாளாம்மா?"

"போன மழைக்கு அப்பறந்தான்." சேலைத் தலைப்பால் தரையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "மொத அமாவாசைக்கு எலி உருட்டுதுன்னு நெனச்சன். அடுத்த அமாவாசைக்கும் ஆட்னான். நான் வா கண்ணு, சாப்புடுன்னு கூப்புட்டா, சரிங்கிறான். வேற எந்த நாளும் இல்ல. அன்னிக்கி மட்டுந்தான்."

"அம்மா..."

"உயிரோட இருந்தா இந்த வருசம் அவனுக்குப் பொண்ணு பாத்துக்கினு இருப்போம். இத்தினி வருசம் எங்க இருந்தானோ, பசி எடுத்து வந்துகினான். நீ இத உன் போன்ல போட்டுராத."

போடவில்லை. போட்டிருந்தால் லட்சம் பேர் பார்த்திருப்பார்கள். அந்த எண்ணம் வந்ததற்கே எனக்கு உடம்பு கூசியது.

அடுத்த அமாவாசைக்கு நான் வேண்டுமென்றே தறி அறையில் உட்கார்ந்துகொண்டேன். அம்மா குளித்துவிட்டு வந்தாள். தறிக்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள். சின்ன இலையில் பரிமாறினாள். கற்பூரம் காட்டினாள். "வா கண்ணு. ஆறிப் போவுது பாரு. வந்து சாப்புடு" என்றாள். என்னை அப்படி அவள் கூப்பிட்டதே இல்லை, எனக்கு அது புதுக் குரல். பிறகு வழக்கம்போலக் கடைசியாக, தறிக்கும் ஓய்வு கொடுக்க, முளையில் கட்டிய கயிற்றை அவிழ்த்துப் பாவைத் தளரவிட்டாள். பட்டு இழைகள் பெருமூச்சு விட்டது போல் தாழ்ந்தன.

ராஜா தலையாட்டினார்.

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டு நிமிஷம், சத்தியமாக, எனக்கும் ஓர் அண்ணன் இருந்தான்.

அதற்கப்புறம் மூளை விடவில்லை. எலியா? பலகையில் மாவு தூவி வைத்தேன், தடம் இல்லை. காற்றா? என் நாட்டியக்காரியை ராஜாவின் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தேன், அவள் காற்றுக்கு ஆடினாள், ராஜா ஆடவில்லை. வந்தவாசி பஸ் மெயின் ரோட்டில் போகிற அதிர்வா? அது தினமும் போகிறது. அமாவாசைக்கு மட்டும் வருவது எது? ஊர் முழுக்க நிற்பதுதான் அன்றைக்கு வருகிறது. எதுவும் இல்லாததால் எப்படி ஒன்று ஆடும்? நிலா இழுக்கிறதா என்றுகூடக் கணக்குப் போட்டேன். சிரிக்காதீர்கள்.

ஒருநாள் காலை அம்மா ஜரிகை வாங்க மொதலாளி வீட்டுக்குப் போயிருந்தாள். நான் குழிக்குள் இறங்கி, அவள் இடத்தில் உட்கார்ந்தேன். அமாவாசைக்கு எங்கள் வீட்டில் நடப்பதை ஒவ்வொன்றாக நடத்திப் பார்ப்பது என்று முடிவு. குங்குமம், கற்பூரம் எல்லாம் ராஜாவுக்கு எட்டாதவை. கயிறு எட்டும்; மற்ற நாட்களில் நெய்ததைச் சுருட்ட அவள் அதைத் துளிதான் விடுவாள், அமாவாசைக்குத்தான் முழுக்க அவிழ்ப்பாள். என் பறவையையும் கொண்டுபோய் அதே பலகையில் ஒரு பாட்டில் மூடி மேல் மூக்கு ஊன்றி வைத்தேன். திரும்பி வந்து கயிற்றை அவிழ்த்தேன்.

இரண்டும் சேர்ந்து ஆடின. ஒரே பக்கமாக.

நான் சிரித்தேன். கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம். கயிறு தூணை ஆட்டுகிறது, தூண் பலகையை ஆட்டுகிறது, அவ்வளவுதான், பேயும் இல்லை ஒன்றும் இல்லை! எழுந்து போய், போனில் மட்டம் பார்க்கும் செயலியைத் திறந்து பலகை மேல் வைத்தேன். பலகை தூணுக்குப் பின்னால் இருக்கும் சுவர்ப் பக்கமாகச் சாய்ந்திருந்தது. பறவையை வைக்கும்போது மட்டமாக இருந்த பலகை. ராஜா அதன் மேல் நேராக நின்றார்.

சிரிப்பு நின்றது.

ஆட்டப் பொம்மை செய்யக்கூடிய வேலை ஒன்றே ஒன்றுதான், நேராக நிற்பது. கீழே எது சாய்ந்தாலும் அது தன்னைத் திருத்திக்கொண்டு நேராக நிற்கும். இத்தனை மாதமும் ராஜா அசைந்தார் என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த அறையில் நேராக நிற்கப் பார்த்தது அவர் ஒருவர்தான். அசைந்தது வீடு.

முட்டி போட்டுத் தூணின் அடியைப் பார்த்தேன். அம்மா மாசாமாசம் காவியடிப்பாள், வெளியே பார்க்க அழகாக இருந்தது. கையில் இருந்த பேனாவால் குத்தினேன். பேனா ஊறின ரொட்டிக்குள் போவதுபோல் மூடி வரைக்கும் உள்ளே போனது. இழுத்தபோது ஈரப் பொடி வந்தது. சுவரோரம் மழைத் தண்ணீர் நின்ற பக்கம் முழுக்க உளுத்துப்போய், தூண் அந்தப் பக்கமாகச் சாயப் பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு ஏன் சாயவில்லை? திரும்பிப் பார்த்தேன். ஓடிப்போய்க் குழியில் இறங்கி, கயிற்றை இழுத்து முளையில் கட்டினேன். இழைகள் விறைத்தன. அந்தக் கோடியில் ராஜா ஒருமுறை ஆடி நின்றார். எழுந்து போய் மட்டம் பார்த்துவிட்டு மறுபடி குழிக்கே வந்து உட்கார்ந்தேன். பலகை நேராகிவிட்டது.

பாவுதான் தூணைப் பிடித்துக்கொண்டிருந்தது. வெறும் பட்டு இழை. தறியில் உட்கார்கிற எங்களுக்குப் பாவு விறைப்பாக இருந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். இழையைத் தடவிப் பார்ப்போம், தூணைத் தட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றாது. தூண் போனால் உத்திரம் இறங்கும். உத்திரம் இறங்குகிற இடத்தில் இப்போது நான் உட்கார்ந்திருந்தேன். தினமும் அம்மா உட்காருகிறாள்.

அவள் வந்தாள். ஜரிகைப் பொட்டலத்தை வைத்துவிட்டு, நான் தறியில் இருந்ததைப் பார்த்து, "இன்னாடி, அதிசயமா இருக்குது? எழுந்திரு, ஜல்தி" என்று என்னை விரட்டிவிட்டு உட்கார்ந்தாள். நெய்ய ஆரம்பித்தாள். பாவைப் பார்த்தேன். இதில் மூன்று சேலை நெய்து, இப்போது நாலாவது. அதிலும் முந்தானை வந்துவிட்டது.

"பாவு எப்பம்மா முடியும்?"

"அமாவாசைக்குள்ள முடிச்சிருவன். அறுத்துட்டுத் தறிய சும்மா போட்டுருவன். புதுப் பாவு அப்பறம் பிணைச்சிக்கலாம். இந்தத் தடவ அவன் வர்றப்ப நாள் பூராக் கூடவே உக்காந்துக்கினு இருக்கணும்."

எப்போதும் அமாவாசைக்குக் கயிறு தளர மட்டும்தான் செய்யும், தூணைச் சுற்றியபடியே தொங்கும். அறுத்தால் தூணுக்குப் பிடியே கிடையாது.

அப்பா களம்பூரில் அரிசி மில்லில் லோடு பார்க்கிறார். போன் போட்டேன். பின்னால் மில் இரைந்துகொண்டிருந்தது.

"ப்பா, ராஜா ஆடறாரு இல்ல, அமாவாசைக்கு."

யாரைச் சொல்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. அவருக்கும் தெரிந்திருக்கிறது.

"அவரு ஆடலப்பா. வீடு ஆடுது." சொன்னேன். தூண், மழை, கயிறு, எல்லாம். மூச்சு விடாமல் சொன்னேன்.

மில் சத்தம் தள்ளிப் போயிற்று. வெளியே வந்து நின்றிருக்க வேண்டும். "முன்ன ஒரு அமாவாசைக்கு லீவுல இருந்தப்ப நானும் பாத்தன்" என்றார். "பாத்துட்டு செவுத்துப் பக்கம் திரும்பிக்கினன். அவன்தான்னு நெனச்சன்."

"ப்பா."

"அம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"சொல்லாத. நான் வரன்."

லாரிக்குப் போடும் ஜாக்கி இரண்டும், சவுக்குக் கழிகளும் வேனில் ஏற்றிக்கொண்டு அவர் வந்தபோது வெயில் இறங்கவில்லை. அம்மா நெய்துகொண்டிருந்தாள். முந்தானையில் இன்னும் ஒரு கரைதான் பாக்கி.

"இன்னாத்துக்கு இதெல்லாம்?" என்றாள்.

"தூணு உளுத்துப் போச்சு. நீ மேல வா, முட்டுக் குடுக்கணும்."

"எந்தத் தூணு?"

அப்பா காட்டவில்லை. காட்ட வேண்டியும் இருக்கவில்லை, வீட்டில் இருப்பது ஒரே தூண். அம்மா தூணைப் பார்த்தாள், ராஜாவைப் பார்த்தாள். குறுக்கிழை ஓட்டும் நாடா கையில் அப்படியே நின்றது. என் பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்லு. ஊருக்கெல்லாம் சொல்லிக்கினு இருக்க இல்ல, போன்ல. எனக்குச் சொல்லு."

சொன்னேன். வீடியோவில் சொல்கிற அதே வார்த்தைகள்தான் வந்தன. கனம் கீழே, காகிதம் மேலே. பலகை சாய்ந்தால் பொம்மை நிமிரும். கயிறு தளர்ந்தால் பலகை சாயும். அம்மா கூப்பிட்டு முடித்ததும் கயிற்றைத் தளர்த்துவாள், அதனால்தான். ஒவ்வொரு வாக்கியமும் சரியாக இருந்தது. ஒவ்வொன்றும் வாயிலிருந்து விழும்போது நிறுத்தத் தோன்றியது, நிறுத்தத் தெரியவில்லை.

"அப்ப இத்தினி மாசமா நான் யாருக்குடி சோறு வெச்சன்?"

பின் தெருவில் பவர்லூம் அடித்துக்கொண்டிருந்தது.

அம்மா நாடாவை எடுத்தாள். மறுபடியும் நெய்யத் தொடங்கினாள். "தூணு அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

"உத்தரம் உன் தல மேல இருக்குது" என்றார் அப்பா.

"இருக்கட்டும்."

"புரிஞ்சிதான் பேசறியா? பாவு முடிஞ்சா..."

"முடியட்டும். அமாவாசைக்கு வருவான். நீங்க இரும்பு வெச்சீங்கன்னா எப்படி வருவான்?"

அப்பா ஜாக்கியைக் கீழே வைத்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுத் தறிக்குழியில் இறங்கினார். ஒருத்தர் உட்காரும் இடம் அது. இடுக்கிக்கொண்டு, முட்டி மடங்காமல், அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் தறியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"இன்னா பண்றீங்க?" என்றாள் அம்மா.

"சும்மாதான். விழுந்தா ரெண்டு பேரு மேலயும் விழட்டும். அவன் எனக்கும்தான் புள்ள."

"மிதிக்கட்டய மிதிக்காதீங்க, இழ அறுந்துரும்."

"எது மிதிக்கட்ட?"

"அய்ய... அதுதான்! கால எடுங்க! இந்த ஆளு ஒரு பேஜாரு." சொல்லும்போதே அவள் குரல் உடைந்துவிட்டது. முகத்தை நெய்த சேலை மேல் சாய்க்கப் போனவள், பட்டில் கண்ணீர் படும் என்று சட்டென்று நிமிர்ந்து, அப்பாவின் தோளில் சாய்த்துக்கொண்டாள். என்னைப் பார்க்காமல் கையை மட்டும் ஆட்டினாள். சரி, போய் வேலையைப் பாருங்கள் என்று.

இருவரும் மேலே வந்ததும், தூணை ஒட்டி உத்திரத்தின் கீழ் இரண்டு ஜாக்கியும் வைத்து, கழி நிறுத்தி, ஏற்றினோம். உத்திரம் முனகியது. ஓட்டு இடுக்கிலிருந்து மண் கொட்டியது. கனம் கழிக்கு மாறியதும் அப்பா அரிவாளோடு பாவுப் பக்கம் போனார்.

"அறுக்காதீங்க" என்றாள் அம்மா. "நானே தளத்தறன்."

முளையில் கை வைத்தாள். ராஜாவை நேருக்கு நேர் பார்த்தாள். காரணம் தெரியும், இப்போதுதான் கேட்டாள். ஆனாலும் கயிற்றை இதுவரை அவிழ்த்ததிலேயே மெதுவாக, விரல் விரலாக விட்டாள். இழைகள் தாழ்ந்தன. பிடி போன தூண் எங்கள் கண்ணெதிரே சுவர்ப் பக்கம் சாய்ந்தது. ராஜா ஆடினார். எப்போதையும் விட அதிகமாக, நெடுநேரம், ஆமாம் ஆமாம் என்று.

"சாப்ட்டியா?" என்றாள் அம்மா.

தூணைப் பிடுங்கியபோது அடி கையோடு வரவில்லை, பொடியாகத் தரையிலேயே தங்கிவிட்டது. கூடையில் அள்ளிப் போட்டேன்.

அங்கே இப்போது காங்கிரீட்டில் புதைத்த இரும்புத் தூண் நிற்கிறது. பலகையை அதிலேயே போல்ட் போட்டு முடுக்கிக் கொடுத்தார்கள். ராஜா பழைய இடத்துக்கே வந்துவிட்டார். மூன்று நாள் கழித்து அம்மா மறுபடியும் பாவு கட்டி முந்தானையை முடித்தாள். புதுப் பாவு பிணைத்தாள். கயிறு இரும்பைச் சுற்றித் திரும்பி வந்தது.

அமாவாசை வந்தது. சின்ன இலை போட்டாள். கற்பூரம் காட்டினாள். கூப்பிட்டாள். கயிற்றைத் தளர்த்தினாள். பலகை அசையவில்லை. அம்மா நின்றாள். கற்பூரம் அணைந்து, சோறு காய்ந்து, தெருவில் யாரோ சைக்கிளை நிறுத்தி ஸ்டாண்டு போட்ட சத்தம் வரைக்கும் நின்றாள். அப்புறம் இலையை மடித்துக் கொண்டுபோய்க் காக்கைக்கு வைத்தாள். நான் அந்த மாதம் வீடியோ போடவில்லை. விரலில் பறவையை நிறுத்தினால் அது எதை நேராக்கிக் காட்டுமோ என்று இருந்தது.

அதற்கடுத்த அமாவாசைக்கு, ஒரு நேர்முகத் தேர்வை முடித்துவிட்டு மத்தியானப் பஸ்ஸில் வேலூரிலிருந்து வந்து இறங்கினேன். ஊர் நின்றிருந்தது. தெருவுக்குள் திரும்பியதும் ஒரு சத்தம். அந்த நாளில் அந்தச் சத்தம் என்னவென்று என் காதுக்கே முதலில் பிடிபடவில்லை.

ஜனங்கள் வாசலில் வந்து நின்றிருந்தார்கள். டீச்சர் என்னைப் பார்த்ததும் கேட் வரைக்கும் வந்தார். அவர் முகத்தில் கிண்டல் இல்லை.

"காலையிலேந்து ஓடுதுடி. அமாவாசயும் அதுவுமா. நானே போய்க் கூப்புட்டுப் பாத்தன், காதுலயே வாங்கல. போ, உள்ள போ."

உள்ளே இலை இல்லை. கற்பூரம் இல்லை. அம்மா நெய்துகொண்டிருந்தாள். தறியில் அவள் அப்படி அடித்து நான் பார்த்ததில்லை. அச்சுப்பலகையை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுத்து, இழுத்து அடித்தாள். அவ்வளவு அடி பட்டுக்கு ஆகாது. குறுக்கே போகும் ஊடை இழை நெருங்கி நெருங்கி, சேலை அட்டை மாதிரி விறைத்திருந்தது. எந்த மொதலாளியும் அதை வாங்க மாட்டார். ஒவ்வொரு அடிக்கும் என் காலுக்குக் கீழே தரை அதிர்ந்தது.

"அம்மா, போதும்மா."

அவள் நிறுத்தவில்லை. முகத்தைத் தூக்கவும் இல்லை. வியர்வை மூக்கு நுனியில் நின்றது.

"ஆடுதா பாரு" என்றாள்.

போய்த் தூணில் கை வைத்தேன். குளிர்ந்திருந்தது. இரும்பு உள்ளங்கைக்கு ஒன்றும் சொல்லவில்லை. முன்பெல்லாம் ஒவ்வொரு அடிக்கும் துடித்த ராஜாவின் மீசையைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தேன்.

"இல்லம்மா."

"அங்கியே நின்னு பாத்துக்கினு இரு" என்றாள் அம்மா. அடுத்த அடி இன்னும் பலமாக விழுந்தது.